திங்கட்கிழமை ஒன்று பத்துக்கு மாறிய கோப்பு

சென்ற மாதம் ஓர் இளம் பொறியாளர் தொலைபேசியில் அழைத்தார். வெளியூரில் ஒரு மருத்துவமனையின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண். “கண்காணிப்பு நிரலிலிருந்து தினமும் நூற்றுக்கணக்கில் எச்சரிக்கை வருது மேடம். எப்பவும் மாறிக்கிட்டே இருக்கிற கோப்புகளைக் கண்காணிப்பிலிருந்து விலக்கி வைக்கலாமா?” என்று கேட்டார். இத்தொழிலுக்கு வருகிற எவரும் ஒருநாள் கேட்டே ஆகவேண்டிய கேள்வி. இதே கேள்விக்கு நான் ஒருமுறை அரை நிமிடத்தில் விடை கண்டிருக்கிறேன். அதன் விளைவைத் தொலைபேசியில் சொல்ல மனம் வரவில்லை. எழுதித் தருவதாகச் சொன்னேன்.

நான் புள்ளியியல் படித்தவள். கணினி பின்னால் வந்து சேர்ந்தது: பாளையங்கோட்டையில் ஒரு பட்டயப் படிப்பு, சென்னையில் இரண்டாண்டு வேலை. படித்த படிப்பு நான்கு பேருக்குப் பயன்பட வேண்டும் என்ற, அந்த வயதுக்கே உரிய பிடிவாதத்தோடு கோவில்பட்டிக்குத் திரும்பி, ஓர் அறக்கட்டளை நடத்திவந்த காசநோய் மருந்தகத்தில் சேர்ந்தபோது தொண்ணூறுகள் முடிந்துகொண்டிருந்தன. கணினிப் பத்திரிகை ஒன்றோடு இலவசமாக வந்த குறுந்தகட்டிலிருந்து லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவினேன். விலையில்லாதது என்பதைவிட, அதன் உள்ளே எழுதியிருப்பதை எவரும் திறந்து படிக்கலாம் என்பதே என்னை ஈர்த்தது. பூட்டில்லாத வீட்டில் திருட்டு நடக்காது என்று அன்று நம்பினேன்.

மருந்தகத்தில் மூன்று கணினிகள். பதிவு மேசையில் ஒன்று, ஆய்வகத்தில் ஒன்று, இரண்டுக்கும் பொதுவாக ஒரு வழங்கி, அதாவது சர்வர். அந்த வழங்கியை வைக்கக் கிடைத்த இடம், எக்ஸ்ரே படங்களைக் கழுவுவதற்காகப் பயன்பட்டு, பிறகு கைவிடப்பட்ட இருட்டறை. சன்னல் கிடையாது. கதவைச் சாத்தினால் கரிசல் தூசி உள்ளே வராது என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தேன். படம் கழுவும் திரவத்தின் புளித்த வாடை சுவரிலேயே ஊறிப்போயிருந்தது. காய்வதற்காக ஒரு காலத்தில் கம்பியில் தொங்கவிட்ட படங்களின் கவ்விகள் வரிசையாக அப்படியே இருந்தன. நான் அவற்றை எடுக்கவில்லை. காற்றே இல்லாத அறையில் அவை சில சமயம் ஆடுவது போலத் தோன்றும்.

அந்த வழங்கியில் மூன்று காவல் நிரல்களை ஓடவிட்டேன். ஒன்று, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மற்றக் கணினிகளைக் கூப்பிட்டு, பதில் வருகிறதா என்று பார்க்கும். இன்னொன்று, தொலைபேசி வழியே போய்வரும் தரவின் அளவை வரைபடமாக்கும். மூன்றாவதுதான் முக்கியமானது. ஒவ்வொரு கோப்பின் உள்ளடக்கத்திலிருந்தும் விரல்ரேகை போன்ற ஓர் எண்ணைக் கணக்கிட்டு வைத்துக்கொள்ளும். கோப்பில் ஒரே ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் முற்றிலும் வேறாகிவிடும். இரவில் கணக்கிட்டு, காலை எட்டு மணிக்கு, எந்தக் கோப்பு, எந்த நேரத்தில், யாருடைய பெயரில் மாறியது என்று ஓர் அறிக்கை தரும். முதல்முறை எடுத்த எண்களை ஃபிளாப்பி என்கிற நெகிழ்வட்டு ஒன்றில் பதிந்து, அதன் மூலையில் இருக்கும் சிறு தாழ்ப்பாளைத் தள்ளி, இனி யாரும் எழுத முடியாதபடி பூட்டித் தலைமை மருத்துவரின் மேசை இழுப்பறையில் வைத்தேன். காவலுக்குக் காவல் அது.

தலைமை மருத்துவர் வேலாயுதம் அரசுப் பணியில் ஓய்வு பெற்று வந்தவர். கணினியைத் தொடமாட்டார், ஆனால் அறிக்கையை ஒருநாளும் படிக்காமல் விட்டதில்லை. புள்ளி அச்சுப்பொறியில் கரகரவென்று வந்த தாளைக் கிழித்துக் கொண்டுபோய்க் கொடுத்தால், எழுந்து நின்று, எக்ஸ்ரே பார்ப்பது போலச் சன்னல் வெளிச்சத்துக்கு நேரே உயர்த்திப் பிடிப்பார். பின் சிவப்புப் பென்சிலால் ஒரு வரியைத் தொட்டு, ஒரே கேள்வி கேட்பார்: “இது யாரு கை?” மாற்றியவர் எதிரே வந்து கையெழுத்திட வேண்டும். கையெழுத்தில்லாத மாற்றம் ஒன்று இருந்தால் அன்றைய தாள் கோப்பில் ஏறாது.

முதல் வாரத்திலேயே அறிக்கை இருபது பக்கம் வந்தது. நோயாளிப் பதிவேடும் வாரப் பட்டியல்களும் நாள்தோறும் மாறுபவை. மாறுவதுதான் அவற்றின் இயல்பு. அவற்றைக் கண்காணிப்பிலிருந்து விலக்க அனுமதி கேட்டேன்.

“தெனமும் மாறுறத விட்டுட்டு, அசையாம கெடக்கதுக்குக் காவல் வைக்கச் சொல்லுதியாம்மா?” என்றார் மருத்துவர்.

“இல்லன்னா முக்கியமானது கூட்டத்துல மறைஞ்சிரும் சார்” என்றேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டுக் கையெழுத்திட்டார். நான் சொன்ன அரை நிமிட விடை அதுதான்.

அந்த வாரப் பட்டியல் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு மாதம் நோயாளி மருந்தகத்துக்கு வந்து மாத்திரை விழுங்க வேண்டும். அதன்பின் எங்கள் களப்பணியாளர் மாடத்தி வீடு தேடிப் போய்க் கொடுப்பார். யார் வீடு எந்த ஊரில் என்ற பட்டியலைத் திங்கட்கிழமை மதியம் ஒரு மணிக்கு வழங்கியே பதிவேட்டிலிருந்து எடுத்து எழுதி வைக்கும். இரண்டு மணிக்கு அது இரு படிகளாக அச்சாகும். ஒரு படி மாடத்திக்கு. மற்றொன்று அறக்கட்டளை அலுவலகத்துக்கு. தொழிலாளருக்கு உதவி செய்யட்டும் என்ற நல்லெண்ணத்தில் அங்கிருந்து தீப்பெட்டித் தொழிற்கூடங்களுக்குப் போகும்.

ஆய்வகத்தில் இன்னாசி என்றொருவர் இருந்தார். சளிப் பரிசோதனை அவர் வேலை. ஐம்பது வயதுக்கு மேல் ஆகியும், மதியச் சாப்பாடு முடிந்ததும் இருட்டறைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து நிரல் எழுதக் கற்றுக்கொண்டவர் அவர் ஒருவர்தான். அவருக்கென்று ஒரு பயனர் கணக்கும் கொடுத்திருந்தேன். ஒருநாள் எட்டயபுரம் பேருந்தில், இருக்கையில் சாய்ந்தவாறே இறந்துபோனார். நடத்துநர் தூங்குகிறார் என்றே எண்ணிக் கடைசி நிறுத்தம் வரை எழுப்பவில்லை.

எங்கள் மருந்தகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பணியில் இருக்கும்போது ஒருவர் இறந்தால், முதலாண்டு நினைவு நாள் முடியும்வரை வருகைப் பதிவேட்டில் அவர் பெயரை அடிக்கமாட்டார்கள். மாதாமாதம் பெயரை எழுதி, கட்டங்களை வெற்றாக விட்டுவைப்பார்கள். நானும் அந்த மரியாதையை மீற விரும்பாமல், இன்னாசியின் கணக்கை நீக்காமல் விட்டேன். இறந்தவரின் கணக்கை அன்றே மூட வேண்டும் என்பது தொழில்நெறி. தெரிந்தே செய்த தவறு அது.

அவர் இறந்து ஐந்து மாதத்தில் வழங்கியின் வன்தட்டு பழுதாயிற்று. புதிய தட்டு பூட்டி, காப்புப் படியிலிருந்து எல்லாவற்றையும் மீட்டேன். காவல் நிரலை மட்டும் புதிதாக அமைத்தேன். அப்போது விலக்குப் பட்டியலை எழுத மறந்துபோனேன். அந்த மறதிதான், செவ்வாய்க்கிழமை காலை ஒரு வரியை வெளிக்கொண்டு வந்தது. வாரப் பட்டியல் வழங்கியின் பெயரில் ஒரு மணிக்கு எழுதப்பட்டிருக்க வேண்டும். அதே பட்டியல், ஒன்று பத்துக்கு, மறுபடி எழுதப்பட்டிருந்தது. எழுதியவர் பெயர் இன்னாசி.

மருத்துவர் தாளை வெளிச்சத்துக்கு உயர்த்தினார். சிவப்புப் பென்சில் அந்த வரியில் நின்றது. வழக்கமான கேள்வி வரவில்லை. “ஏம்மா, இது பழசு எதுவும் வந்து ஒட்டிக்கிடுச்சா?” என்றார்.

“இல்ல சார். நேத்து மதியம்.”

“நேத்து நான் இங்கனதான் இருந்தேன். அந்த ரூமுக்குள்ள யாரும் போகல.” தாளை மடித்துத் தம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். “அடுத்த திங்கக்கெழம நீ உள்ள இரி.”

செய்தி எப்படியோ கசிந்துவிட்டது. மாடத்தி மொபெட்டை நிறுத்திவிட்டு நேரே என்னிடம் வந்தார். புதூர்ப் பக்கம் ஆடு மேய்க்கிற குடும்பத்திலிருந்து படித்து வந்தவர். எதற்கும் அஞ்சாத வாய்.

“என்னக்கா, இன்னாசி அண்ணாச்சி மேல போயும் வேலைய விடலியாமே? இருந்தப்பமே ஞாயித்துக்கெழம லீவு எடுக்க மாட்டாவ. சம்பளம் போடுதீகளா, ஓசிதானா?”

சிரித்தேன். ஆனால் அன்று அவரும் இருட்டறை வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

அடுத்த திங்கட்கிழமை பன்னிரண்டரை மணிக்கே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். தொலைபேசி இணைப்பைப் பிடுங்கினேன். மற்ற இரு கணினிகளின் கம்பிகளையும் கழற்றினேன். வெளியே சித்திரை வெயில். உள்ளே திரையின் வெளிச்சம் மட்டும். யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று கணினியைக் கேட்டேன். என் பெயர் ஒன்றுதான் வந்தது. ஒரு மணிக்குப் பட்டியல் எழுதப்பட்டது. அதை உடனே ஒரு படி எடுத்து அச்சிட்டேன். ஒன்று ஒன்பது. மறுபடியும் கேட்டேன், என் பெயர் மட்டும். ஒன்று பத்து. வன்தட்டின் சிறுவிளக்கு இரண்டு முறை மினுங்கியது. யாரோ தொண்டையைச் செருமுவது போல ஒரு மெல்லிய கரகரப்பு, அவ்வளவுதான். பட்டியலின் விரல்ரேகை மாறிவிட்டிருந்தது. உரிமையாளர் இன்னாசி.

விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பக்கத்து நாற்காலியைப் பார்க்கக் கூடாது என்று தோன்றியது. அதற்குக் காரணம் சொல்ல எனக்குத் தெரியாது.

இரு படிகளையும் அருகருகே வைத்து ஒப்பிட்டேன். ஏழு வரிகள் மாறியிருந்தன. ஏழும் பெண்கள். ஏழு பேரும் வீட்டில் தீப்பெட்டி ஒட்டுகிறவர்கள். ஒவ்வொருவருக்கும் ஊர்ப் பெயர் மட்டும் மாறியிருந்தது. பதிவுப் படிவத்தில் பெண்களுக்குப் பிறந்த ஊரையும் கேட்டு எழுதுவோம். நோய் கண்டால் பெண்ணைத் தாய்வீட்டில் கொண்டுபோய் விடுவது இப்பக்கத்து நடைமுறை என்பதால். வாழ்கிற ஊர் இருந்த இடத்தில் அந்தப் பிறந்த ஊர் உட்கார்ந்திருந்தது. என்னை உறையவைத்தது அதுவன்று. அந்த ஏழு பேரில் மூவர், இன்னாசி இறந்த பிறகு மருந்தகத்துக்கு வந்தவர்கள். அவர் பார்த்தே இராத பெண்கள்.

குறித்த நேரத்தில் ஒரு வேலையைத் தானே செய்யும்படி கணினிக்குச் சொல்லிவைக்க முடியும் என்பது இத்தொழிலில் யாரும் அறிந்தது. பொதுவான நேரப்பட்டியலை முந்தைய வாரமே பார்த்துவிட்டேன், அதில் ஒன்றுமில்லை. ஒவ்வொரு பயனருக்கும் தனி நேரப்பட்டியல் உண்டு. இன்னாசியுடையதைத் திறக்க எனக்குக் கை வரவில்லை. செத்தவரின் டிரங்குப் பெட்டியைத் திறப்பது போல இருந்தது. அன்று திறந்தேன். பதினான்கு வரி நிரல். தொழில் தீப்பெட்டி, பாலினம் பெண் என்றிருந்தால் ஊரை மாற்று. யாருடைய பெயரும் அதில் இல்லை. அதனால்தான் அவருக்குப் பின் வந்தவர்களையும் அது கண்டுகொண்டது. பட்டியல் இருந்த கோப்புறையில் எவரும் எழுதலாம் என்று உரிமையைத் திறந்து வைத்திருந்ததும் நானே. நிரலின் தலையில் ஆங்கில எழுத்துகளில் ஒரு தமிழ்க் குறிப்பு: “இவிய ஊரு வெளிய போகக் கூடாது. நெச ஊரு துண்டுச் சீட்டுல மாடத்திகிட்ட.”

மாடத்தியைக் கூப்பிட்டேன். குறிப்பை இரண்டு முறை படித்தார்.

“இது இன்னும் ஓடுதா?” என்றார். “அவிய போனதோட இதுவும் போச்சுன்னுல்லாக்கா நெனச்சேன்.”

அவர் சொன்னது இது. அறக்கட்டளை வழியாகத் தொழிற்கூடங்களுக்குப் போன பட்டியல், பெட்டி வேலை கொண்டுவரும் ஏஜென்டுகளின் கைக்குப் போயிருக்கிறது. பெயர் வந்த வீட்டுக்கு, பெட்டி ஒட்டுவதற்கான அட்டைக் கட்டு வருவது நின்றுவிடும். வேலை போன பெண்கள் மருந்தகத்துப் பக்கமே வருவதில்லை. அதைக் கண்டுதான் இன்னாசியும் மாடத்தியும் பேசி முடிவெடுத்திருக்கிறார்கள். பட்டியலில் தாய்வீட்டு ஊர் இருக்கும், ஏஜென்டுக்கு அது யாரென்று தெரியாது. உண்மையான ஊரைத் திங்கட்கிழமை தோறும் இன்னாசி கைப்பட ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பார். அவர் இறந்ததும் சீட்டு நின்றது. பொய் மட்டும் தவறாமல் ஓடிக்கொண்டிருந்தது.

“பழைய நாலு பேரு வீடு எனக்கு மனப்பாடம். புதுசா வந்த மூணு பேருக்கு லிஸ்ட்டுல போட்ட ஊருக்குத்தான் போனேன். காசநோய் மாத்திரன்னதும் மூணு ஊர்லயும் ஒரே பேச்சு, ‘அப்படி ஒருத்தி இங்கன இல்ல.’ ஒரு வீட்டுச் செவத்துல அந்தப் புள்ள கல்யாண போட்டோ தொங்குதுக்கா. போட்டோவுக்குக் கீழ நின்னுக்கிட்டே இல்லன்னு சொல்லுதாவ.”

“என்கிட்டக் கேட்டிருக்கலாமே மாடத்தி.”

“கம்ப்யூட்டர்ல வந்தது தப்பா இருக்கும்னு நான் எதைக் கண்டேன்? ‘ஊர் மாறினார்’னு எழுதிட்டேன். நீங்கதானே அதை ஏத்துனீங்க.”

ஆம், நான்தான் ஏற்றினேன். மழை பொய்த்த ஆண்டில் புதூர்ப் பக்கத்திலிருந்து எத்தனையோ குடும்பங்கள் பிழைப்புக்கு வெளியூர் போகும். ‘ஊர் மாறினார்’ என்ற சொல் எங்கள் பதிவேட்டில் யாருடைய கண்ணையும் உறுத்தாது. சிகிச்சை முடியாததால் பெயர் பட்டியலில் தொடரும், ஆனால் தேடிப் போகமாட்டோம்.

அன்று மாலையே இருவரை உண்மையான ஊர்களில் கண்டுபிடித்துவிட்டோம். அவர்களுக்கு விட்டுப்போனது சில வாரங்கள்தான். மூன்றாமவர் சீனியம்மா. மறுநாள் மாடத்தியின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து போனேன். காய்ந்த பருத்திச் செடிகளைப் பிடுங்கிய காடு இருபுறமும் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடந்தது. ஊரின் கடைசி வீட்டில், வாசலோரம் பசைக் கிண்ணத்தோடு உட்கார்ந்து பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். கன்னம் ஒட்டியிருந்தது. ஆனால் விரல்கள் நிற்கவே இல்லை.

“வாங்க தாயி” என்றார். “வீட்டுக்கே வந்து மாத்திர தருவோம்னு சொன்னீக. ரொம்ப நாளாக் காணோமேன்னு இருந்தேன். அப்புறம், நீங்க வராததுனால நோவு போயிட்டுதுன்னு நெனச்சுக்கிட்டேன்.”

ஏறத்தாழ மூன்று மாதம். என்ன நடந்தது என்பதை மறைக்காமல் சொல்வதே நேர்மை என்று நினைத்தேன். பட்டியலை, ஏஜென்டை, இன்னாசியை, அவர் எழுதிய நிரலைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே நான்கு பெட்டி ஒட்டினார்.

“அந்த அண்ணாச்சிய நான் பாத்ததே இல்லியே?”

“அவிய நீங்க வாரதுக்கு முந்தியே தவறிட்டாவ” என்றார் மாடத்தி.

சீனியம்மாவின் விரல்கள் அப்போதுதான் நின்றன. “செத்தவுக எனக்காக வேல பாத்திருக்காவ” என்று தமக்குள் சொல்வது போலச் சொன்னார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, “அவிய செஞ்சது சரிதான் தாயி. நீங்க வந்திருக்கலாம்” என்றார்.

அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

நிரலை நிறுத்த ஒரே ஒரு கட்டளை போதும். ஆனால் நிறுத்தினால் அடுத்த திங்கட்கிழமை ஏழு பெண்களின் உண்மையான ஊரும் ஏஜென்டுகளுக்குப் போகும். நிறுத்தாவிட்டால் இன்னொரு சீனியம்மா. இரண்டையும் தாளில் எழுதி மருத்துவரிடம் வைத்தேன். அவர் இம்முறை தாளை உயர்த்திப் பார்க்கவில்லை. அறக்கட்டளை அலுவலகத்துக்குத் தொலைபேசினார்.

“இனிமே பட்டியல் வராது… ஆமா, யாருக்கும் வராது… நோயாளி பேரு டாக்டருக்கும் மருந்து குடுக்கவகளுக்கும் மட்டுந்தான்… நிதிய நிறுத்துனா நிறுத்திக்கோங்க, நான் எழுதித் தாரேன்.” வைத்துவிட்டு, “இத நாம மொதல்லயே செஞ்சிருக்கணும்மா. ஒரு லேப் டெக்னீஷியன் திருட்டுத்தனமாச் செய்ய வேண்டியதாப் போச்சு” என்றார்.

திங்கட்கிழமை பன்னிரண்டு ஐம்பதுக்கு நிரலை நீக்கி, இன்னாசியின் கணக்கை மூடினேன். ஒன்று பத்துக்கு விளக்கு மினுங்கவில்லை. பட்டியல் ஒரே படியாக அச்சாயிற்று. அதை மாடத்தியின் கையில் கொடுத்தேன். இருட்டறை வெறும் அறையாகிவிட்டதாக ஆறுதல் கொண்டிருக்க வேண்டும். மாறாக, ஒருவரை நான் இரண்டாம் முறை அனுப்பிவைத்தது போல இருந்தது.

சீனியம்மாவைத் திருநெல்வேலி அரசு மருத்துவமனைக்கு அனுப்பினோம். இடையில் விட்ட மருந்து, திரும்பத் தொடங்கியபோது நோயைத் தொடவில்லை. அடுத்த மருந்தும் பிடிக்கவில்லை. ஐப்பசி மழை தொடங்கியபோது வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார்கள். ஒரு வாரத்தில் இறந்துபோனார்.

நானும் மாடத்தியும் துக்கத்துக்குப் போனோம். சீனியம்மாவின் மகளை இரண்டு முறை பரிசோதித்திருந்தோம். அவளுக்கு நோய் இல்லை. வாசலில் ஈரம் படாமல் சாக்கு போர்த்திய கட்டோடு ஒரு சைக்கிள் நின்றது. மாலையைக் கையில் வைத்துக்கொண்டிருந்த ஏஜென்ட் என்னிடம் வந்தார்.

“நீங்க ஆஸ்பத்திரில இருந்துதானே மேடம் வருதீங்க? நல்ல வேலக்காரி. மக தொடர்ந்து ஒட்டுதேன்னு சொல்லுதா. அதான் ஒங்கள்ட்ட கேட்டுக்கிடுவோம்னு. என்ன நோவு இவியளுக்கு?”

மகள் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதிவுகளில் ஓர் எழுத்துகூட உண்மைக்கு மாறாக இருக்கலாகாது என்று ஆண்டுக்கணக்காக எல்லோரிடமும் வாதிட்டு வந்தவள் நான்.

“மஞ்சக்காமாலை அண்ணாச்சி” என்றேன். “முத்திப்போய்த்தான் கொண்டுவந்தாவ.”

அவர் தலையாட்டிவிட்டு, சைக்கிளிலிருந்து கட்டை இறக்கி வாசலில் வைத்தார்.